வணிக மடல்: வடிவும் பண்பும்

சிலப்பதிகாரத்தில் ஒரு மடல் வருகிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனைத் தேடிக் கண்ட கௌசிகன், மாதவி விடுத்த ஓலையை அவன் கையில் கொடுக்கிறான். கூந்தலின் மணம் கமழும் மண் இலச்சினையைக் கண்ட அளவில், விடுத்தவர் யாரென்பதைக் கோவலன் உணர்ந்துகொள்கிறான். பிரித்துப் படிக்கிறான். அவ்வோலையில் பெயர் சுட்டிய விளி இல்லை. பணிவு மிக்க பொது விளியே இருக்கிறது. தான் தன் பெற்றோர்க்கு எழுத வேண்டிய சொற்களும் அவையே என்று கண்ட கோவலன், அதே ஓலையை அவர்களிடம் சேர்க்குமாறு கௌசிகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

ஒருவருக்கு எழுதிய மடல் வேறொருவருக்கும் பொருந்துவது காப்பியத்தில் நயம். வணிகத்தில் அதுவே இடர். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்நாளில் எழுதியது, எதைக் குறித்து எழுதியது என்னும் நான்கும் ஐயத்திற்கு இடமின்றி விளங்கும் மடலே வணிக மடல். அதன் வடிவையும் பண்பையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு வரியால் வந்த இழப்பு

என் தாய்மாமன் கைலி வணிகம் செய்து வந்தார். நெசவூர் ஒன்றிலிருந்த உற்பத்தியாளர் ஒருவரிடம் பல்லாண்டுகளாகச் சரக்கு எடுத்து வந்தார். ஓராண்டு நோன்புப் பெருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், "முன்பு அனுப்பியது போலவே 40 கட்டு உடனே அனுப்பவும்" என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினார். அதில் நாளும் இல்லை. பட்டி எண்ணும் இல்லை. நகலும் எடுத்து வைக்கவில்லை.

மாமா 'முன்பு' என்று கருதியது, முந்தைய ஆண்டுப் பெருநாளுக்கு வந்த உயர்ரகச் சரக்கினை. உற்பத்தியாளர் கருதியதோ, மூன்று திங்களுக்கு முன்னர்த் தாம் அனுப்பிய மலிவுச் சரக்கினை. 40 கட்டும் வந்து இறங்கின. பெருநாள் துணி வாங்க வந்தவர்கள் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குச் சென்றனர். மாமா பணம் தர மறுத்தார்; உற்பத்தியாளர் தம் பங்கிற்கு மறுத்துப் பேசினார். இருவரும் நேர்மையானவர்களே, இருவரிடமும் தம் சொல்லை மெய்ப்பிக்கச் சான்று இல்லை. பதினைந்தாண்டு வணிக உறவு ஒற்றைச் சொல்லால் அறுந்தது.

இம்மடலின் குறை அழகின்மை அன்று, தெளிவின்மை. வணிக மடலின் விதிகள் யாவும், இத்தகைய இழப்புகளைக் கண்டு பட்டறிந்தவர்கள் வகுத்தவை என்பதை மாணவர்கள் முதலில் உணர்தல் வேண்டும்.

எழுத்தே சாட்சி

தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனம் விரிவாகக் கூறுகிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் அதுவே. எழுதுபவரின் கடமை, சாட்சிகளின் கடமை ஆகியனவும் அதில் சொல்லப்பட்டுள்ளன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் விடுக்க எண்ணியபோது, முத்திரையிடாத மடலை அவர்கள் ஏற்பதில்லை என்று கூறப்பட்டதும், அதன்பின் வெள்ளியாலான முத்திரை மோதிரம் செய்விக்கப்பட்டதும் நபிமொழித் தொகுப்புகளில் காணும் செய்தி. பெறுபவரின் வழக்கம் அறிந்து மடலின் வடிவை அமைத்தல் வேண்டும் என்னும் நெறி இதனுள் அடங்கியிருக்கிறது.

தமிழ் வணிகச் சொற்களை நோக்கினும் இவ்வுண்மை புலப்படும். அசல், நகல், பாக்கி, வசூல், ஜாமீன் ஆகியன அரபு மூலமுடையவை. ரசீது பாரசீகத்தினின்று வந்தது. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தால் தமிழை எழுதிய அரபுத்தமிழில் சமய நூல்களோடு மடல்களும் எழுதப்பட்டன. தமிழ்க் கணக்கேடுகளோ தமக்கெனச் சுருக்கக் குறிகளைக் கொண்டிருந்தன. நாளுக்கு ௳, மாதத்திற்கு ௴, ஆண்டிற்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என எழுதினர். நாளும் தொகையும் எண்ணும் ஒவ்வோர் ஏட்டிலும் தவறாது இடம்பெற்றமையால்தான் அவற்றிற்குத் தனிக்குறிகள் தேவைப்பட்டன. நம் முன்னோர் விடாது எழுதியவற்றை நாம் விட்டுவிடுதல் தகுமோ?

ஒரு முகவரியும் ஒரு வழக்கும்

முகவரியில் நேரும் பிழை எத்துணைப் பெரிது என்பதை விளக்க, சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்கும் ஓர் ஆங்கில வழக்கைக் கூறலாம். 1817ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரிலிருந்த கம்பளி வணிகரான லின்ட்செல் என்பார், ஆதம்ஸ் என்னும் உற்பத்தியாளர்க்குக் கம்பளி விற்க முன்வந்து மடல் எழுதினார். மறு அஞ்சலிலேயே விடை வேண்டுமென்றும் குறித்தார். ஆதம்ஸ் இருந்த பிராம்ஸ்குரோவ் ஊஸ்டர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மடலின் மேலுறையிலோ லெஸ்டர்ஷயர் என்று தவறாக எழுதப்பட்டிருந்தது.

அம்மடல் சுற்றியலைந்து 5ஆம் நாள் மாலைதான் உரியவரை அடைந்தது. அவர் அன்று மாலையே ஏற்பு மடலை அஞ்சலில் சேர்த்தார். அது 9ஆம் நாள் வந்து சேர்ந்தது. ஆனால் 7ஆம் நாளிலேயே விடையை எதிர்பார்த்து ஏமாந்த லின்ட்செல், 8ஆம் நாள் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். வழக்கு மன்றம் சென்றது. ஏற்பு மடல் அஞ்சலில் சேர்க்கப்பட்ட பொழுதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 1818இல் தீர்ப்பாயிற்று. முகவரியைப் பிழையாக எழுதியவரே இழப்பையும் ஏற்க நேர்ந்தது.

நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 4ஆம் பிரிவில் இதனை ஒட்டியே செல்கிறது. ஏற்பவர் தம் ஏற்பினைத் திரும்பப் பெற இயலாதவாறு அஞ்சலில் சேர்த்தவுடன், முன்மொழிந்தவர் அதற்குக் கட்டுப்படுகிறார். அவ்வேற்பு முன்மொழிந்தவரின் அறிவுக்கு எட்டியபின், ஏற்றவரும் கட்டுப்படுகிறார். இடைப்பட்ட காலத்தில் ஏற்றவர், அதைவிட விரைவான வழியில் தம் ஏற்பினைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே, மடல் எழுதிய நாளும் அஞ்சலில் சேர்த்த நாளும் வெறும் சடங்குகள் அல்ல. உரிமையும் பொறுப்பும் அவற்றைப் பற்றியே நிற்கின்றன.

1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவும் இங்கு நினைக்கத்தக்கது. சட்டப்படி அஞ்சலில் சார்வு செய்ய வேண்டிய ஆவணம் ஒன்றைச் சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பினால், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை, அது உரியவரைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். 'சரியான முகவரி' என்பது அங்கே முதல் நிபந்தனை. பதிவு அஞ்சல் சேவை 2025இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. சேவையின் பெயர் மாறினும், அஞ்சலகம் தரும் ரசீதைப் போற்றி வைக்கும் கடமை மாறவில்லை.

மடலின் உறுப்புகள்

தலைப்பு: நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை அச்சிட்ட தாளின் மேற்பகுதியே தலைப்பு. பதிவு பெற்ற நிறுமங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இடங்கள் கொண்ட நிறும அடையாள எண், தொலைபேசி எண் ஆகியனவும், இருப்பின் தொலைநகல் எண், மின்னஞ்சல், இணையத்தள முகவரிகளும் வணிக மடல்கள் அனைத்திலும் அச்சிடப்பட வேண்டும். தனியார் கடைகளுக்கு இக்கட்டாயம் இல்லையெனினும், முழு முகவரி அச்சிட்ட தாள் நம்பிக்கையைத் தரும். தலைப்பில் அணிகலன்போல் பூவும் கொடியும் நிரம்பியிருப்பின் செய்திக்கு இடம் குறையும் என்பதை மறவற்க.

எண்ணும் நாளும்: ஒவ்வொரு மடலுக்கும் வரிசை எண் இடுதல் நன்று. நாளை எழுதுங்கால் மாதத்தை எழுத்தால் எழுதுக. 5.3.2025 என்பது நமக்கு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள். அமெரிக்கருக்கு மே 3ஆம் நாள். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தோற்பொருள்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவோர்க்கு இவ்வேறுபாடு கப்பலைத் தவறவிடுமளவுக்குப் பெரிது. அதுபோன்றே, நாம் 1,00,000 என்று எழுதும் இலட்சத்தை அயல்நாட்டார் 100,000 என்று எழுதுவர்.

பெறுநர் முகவரி: பெயர், பதவி, நிறுவனம், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் என்னும் வரிசையில் அமைதல் வேண்டும். ஆறு இலக்கக் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் பிரித்தனுப்பும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் காட்டும். ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ள நம் நாட்டில் மேற்கண்ட கம்பளி வழக்கு மீண்டும் நேராதபடி காப்பது இவ்வெண்ணே.

பெயர்: பெறுநர் தம் பெயரை எவ்வாறு எழுதுகிறாரோ அவ்வாறே நாமும் எழுதுதல் முதற்பண்பு. முகம்மது, முஹம்மது, முகமது என ஒரே பெயர் பலவாறு எழுதப்படும். இவற்றுள் எது சரியென்று தீர்ப்பளிக்கும் உரிமை மடல் எழுதுபவருக்கு இல்லை. பெயருக்கு உரியவரே அதற்கு அதிகாரி. தலைப்பெழுத்து மாறினால் காசோலையும் வரைவோலையும் வங்கியில் தடைப்படும். 'திரு. ஜனாப்' என்று இரண்டு அடைமொழிகளையும் அடுக்குதல் வேண்டா. இரண்டும் ஒரே பொருளின, ஒன்று போதும்.

சொல்வடிவம்: 'அனுப்புநர்', 'பெறுநர்' என்று எழுதுவதே இலக்கண முறை. 'அனுப்புனர்', 'பெறுனர்' என்று பலர் எழுதுகின்றனர். இயக்குநர், ஓட்டுநர் என்பவற்றைப் போன்றே இவற்றிலும் வருவது 'நர்' என்னும் ஈறு. தமிழ்த்துறை மாணவர் எழுதும் மடலின் முதற்சொல்லே பிழையாதல் ஆகாது.

விளி: 'ஐயா', 'அம்மையீர்', 'அன்புடையீர்' என்பன பொதுவானவை. நன்கு அறிந்த நம்மவர்க்கு எழுதுங்கால் ஸலாம் கூறித் தொடங்குதல் மரபு. பெறுநர் இன்னாரென்று அறியாத நிலையில் 'அன்புடையீர்' எவர்க்கும் பொருந்தும். மகாராஜராஜஸ்ரீ என்பது போன்ற பழைய அடைமொழிகள் வழக்கொழிந்தன. அவற்றிற்கு ஈடாக இன்று சிலர் அடுக்கும் 'மாண்புமிகு', 'பெருமதிப்பிற்குரிய', 'உயர்திரு' என்னும் தொடர் வரிசையும் தேவையற்றதே.

பொருளும் பார்வையும்: மடல் எதைக் குறித்தது என்பதை ஒரே வரியில் கூறுவது 'பொருள்'. முன்னர் நடந்த மடற் போக்குவரத்தின் எண்ணையும் நாளையும் கூறுவது 'பார்வை'. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழில் வளர்ந்த அலுவலக மடல் மரபு இவ்விரண்டையும் நிலைபெறச் செய்தது. பார்வை என்னும் ஒரு வரி இருந்திருப்பின், என் மாமாவின் 40 கட்டும் சரியாகவே வந்திருக்கும்.

உடற்பகுதி: முதற்பத்தியில் எழுதும் நோக்கம், நடுப்பத்தியில் விவரம், இறுதிப் பத்தியில் வேண்டுகோள் என அமைதல் நலம். ஒரு மடலுக்கு ஒரு பொருள் போதும். கணக்கு நிலுவையையும் புதிய கொள்முதலையும் ஒரே மடலில் எழுதினால், எந்தக் கோப்பில் அதனை வைப்பதென்று பெறுபவர் இடர்ப்படுவார்; இரண்டனுள் ஒன்று மறக்கப்படும். தொகையை இலக்கத்தாலும் எழுத்தாலும் எழுதுக. காசோலையில் இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்பது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு.

முடிப்பும் கையொப்பமும்: 'தங்கள் உண்மையுள்ள' என்பது அலுவல் முறைக்கும், 'தங்கள் அன்புள்ள' என்பது அறிமுகமானவர்க்கும் உரியன. கையொப்பத்தின் கீழ்ப் பெயரையும் பதவியையும் அச்சில் தருக. படிக்க இயலாத கையொப்பம் மட்டுமே உள்ள மடலுக்கு, யார் பெயரிட்டு விடை எழுதுவது?

இணைப்பும் நகலும்: உடன் அனுப்பும் தாள்கள் ஒவ்வொன்றையும் இணைப்பு என்னும் தலைப்பின்கீழ் எண்ணிட்டுக் குறிக்க வேண்டும். வேறு எவருக்கேனும் நகல் அனுப்பினால் அதனையும் வெளிப்படக் கூற வேண்டும். நம்மிடம் ஒரு நகல் இருத்தல் இன்றியமையாதது.

தாளும் அச்சும்

இன்று பெருவழக்கிலுள்ள ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதனை மூன்றாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் 99 மில்லிமீட்டர் ஆகும். 110க்கு 220 மில்லிமீட்டர் அளவுள்ள நீள உறையில் அது செம்மையாக அமையும். கீழ் மூன்றிலொரு பங்கை மேல்நோக்கியும், பின்னர் மேற்பங்கைக் கீழ்நோக்கியும் மடிக்க வேண்டும். உரிய அளவு உறையில்லாமல் நான்காகவும் எட்டாகவும் மடித்து அனுப்பினால், மடிப்பு விழுந்த இடத்திலேயே எழுத்து முதலில் அழியும்.

இடப்பக்கம் ஓரங்குலத்திற்குக் குறையாமல் இடம் விடுக. கோப்பில் துளையிட்டுச் சேர்க்கும்போது எழுத்து மறையாது. எல்லா உறுப்புகளையும் இடப்பக்க ஓரத்திலேயே தொடங்குதல் இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் முறை. நாளையும் முடிப்பையும் வலப்பக்கம் அமைத்து, பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளித் தொடங்குதல் பழைய முறை. இரண்டும் ஏற்புடையனவே; ஒரே மடலில் இரண்டையும் கலத்தல் ஆகாது.

தமிழ் எழுத்துகளில் மேல் விலங்குகளும் கீழ்ச் சுழிகளும் உண்டு. ஆதலின், ஆங்கிலத்திற்கு விடுவதைவிட வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதலாக இடம் விட்டால்தான் 'கூ', 'தீ' போன்றவை ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும். கணிப்பொறிக் கோப்பாக மடலை அனுப்புவோர் ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்துதல் வேண்டும். 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட மடல், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

ஒரு மாதிரி மடல்

மேற்கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

(கடையின் பெயர் அச்சிட்ட தலைப்பு)
திருச்சிராப்பள்ளி – 620 008

எண்: 47/2025
நாள்: 20 சனவரி 2025

பெறுநர்
மேலாளர்,
(உற்பத்தி நிறுவனத்தின் பெயரும் தெருவும்),
ஈரோடு – 638 001.

அன்புடையீர்,

பொருள்: நோன்புப் பெருநாள் விற்பனைக்குக் கைலி கொள்முதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் விலைப்பட்டியல், நாள் 6 சனவரி 2025.

தங்கள் விலைப்பட்டியல் கிடைத்தது, நன்றி. அதிற்கண்ட விலையில் கீழ்க்காணும் சரக்கினை அனுப்ப வேண்டுகிறோம்.

1. கட்டமிட்ட பருத்திக் கைலி, 2 மீட்டர், நீலமும் பச்சையும் சம அளவில் – 400 (நானூறு).
2. கரையிட்ட வெள்ளைக் கைலி, 2 மீட்டர் – 200 (இருநூறு).

சரக்கு 20 பிப்ரவரி 2025க்குள் எங்கள் கடைக்கு வந்து சேர வேண்டும். அந்நாளுக்குள் அனுப்ப இயலாதெனின், 27 சனவரி 2025க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். முன்பணம் ரூ. 25,000க்கு (ரூபாய் இருபத்தைந்தாயிரம் மட்டும்) வரைவோலை இணைத்துள்ளோம். மீதித் தொகையைச் சரக்குக் கிடைத்த 30 நாள்களுக்குள் செலுத்துவோம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர்)
உரிமையாளர்

இணைப்பு: வரைவோலை 1 (எண்ணும் நாளும்).

இம்மடலில் 'உடனே' என்னும் சொல் இல்லை, நாள் இருக்கிறது. 'முன்பு போல' என்பது இல்லை. அளவும் வண்ணமும் இருக்கின்றன. இயலாதெனின் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூறப்பட்டுள்ளது. அன்பும் மரியாதையும் இதில் குறைவுபடவில்லை.

மொழியும் பண்பும்

வாங்குவதற்கும் நன்றி கூறுவதற்கும் மடல் எழுதுதல் எளிது. குறை கூறவும், நிலுவை கேட்கவும், மறுக்கவும் எழுதுவதே அரிது. ஒருவரின் பண்பு அம்மூன்றிலும் புலப்படும்.

குறை கூறும்போது நிகழ்ந்ததைக் கூறுக, நோக்கத்தைக் கற்பிக்கற்க. "தாங்கள் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்" என்பது குற்றச்சாட்டு. "பட்டியில் 400 என்று உள்ளது, கட்டுகளைப் பிரித்து எண்ணியதில் 380 இருந்தன" என்பது செய்தி. முன்னதற்குச் சினமே விடையாக வரும். பின்னதற்கு மீதி 20 கைலிகள் வரும்.

நிலுவை கேட்கும் முதல் மடல், பெறுநர் மறந்திருக்கக்கூடும் என்னும் எண்ணத்தோடு எழுதப்படல் வேண்டும். பட்டி எண், நாள், தொகை, தவணை முடிந்த நாள் ஆகியவற்றைக் குறித்து, "இதற்குள் அனுப்பியிருப்பின் இம்மடலைப் பொருட்படுத்த வேண்டா" என்று முடிக்கலாம். இரண்டாம் மடலில் செலுத்த வேண்டிய நாளைக் குறிக்கலாம். சட்ட நடவடிக்கை பற்றிய பேச்சு அவையிரண்டும் பயனற்றுப் போனபின் வருவது. செய்ய எண்ணாத ஒன்றைச் செய்வதாக ஒருபோதும் எழுதற்க. மேலும், கடன்பட்டவரின் நிலையை அனைவரும் படிக்கும் திறந்த அஞ்சலட்டையில் எழுதுதல் பண்பன்று. மூடிய உறையிலேயே அனுப்புதல் வேண்டும்.

மறுக்கும்போது விரைந்தும் தெளிவாகவும் மறுப்பது நன்று. வேலை வேண்டியோ, கடன் வேண்டியோ, நன்கொடை வேண்டியோ எழுதியவர் விடையை எதிர்பார்த்து ஒவ்வொரு நாளும் அஞ்சற்காரரை நோக்கியிருப்பார். 'இல்லை' என்னும் விடை அவரை வேறு வழி நாடச் செய்யும். விடையின்மை அவரை அங்கேயே நிறுத்திவிடும்.

பணிவிற்கும் இரத்தலுக்கும் வேறுபாடு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் சிலர் குடும்ப வறுமையை ஒரு பக்கம் எழுதி, கல்வித் தகுதியை ஈற்றில் ஒரு வரியில் தருகின்றனர். தகுதியை முதலில் எழுதுக, சான்றிதழ்களை இணைக்க, தன்மானத்தோடு முடிக்க.

மின்னஞ்சலுக்கும் இவையே

"இன்று மடல் எழுதுபவர் யார்? தந்திச் சேவைகூட 2013 சூலையில் நின்றுவிட்டதே" என்று மாணவர் வினவலாம். தாள் குறைந்திருக்கிறது, மடல் குறையவில்லை. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கும் மின்னொப்பங்களுக்கும் சட்ட ஏற்பு அளித்துள்ளது. மின்னஞ்சலில் பொருள் வரிக்குத் தனியிடம் உண்டு. நகல் பெறுவோர்க்கும் இணைப்புக்கும் தனியிடம் உண்டு. தாள்மடலின் உறுப்புகளே அங்குப் பெட்டிகளாக அமைந்துள்ளன. பொருள் வரியை வெறுமையாக விடுவதும், இணைப்பதாகக் கூறிவிட்டு இணைக்க மறப்பதும், சினம் தணியுமுன் அனுப்பிவிடுவதும் அங்கு மலிந்த பிழைகள். கைப்பேசியில் அனுப்பும் ஒருவரிச் செய்தியும் சரக்கைக் குறித்ததாயின், அளவும் நாளும் கொண்டிருத்தல் வேண்டும். "முன்பு போல 40 அனுப்பவும்" என்னும் செய்தி இன்று ஒரு நொடியில் சென்று சேரும்; அதே இழப்பை அதனினும் விரைவாகத் தரும்.

முடிவுரை

என் மாமாவின் செய்திக்குத் திரும்புவோம். ஈராண்டுகள் கழிந்தபின், கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த என்னை அவர் அழைத்து, "ஒரு காகிதம் எழுத வேண்டும், நீ எழுது" என்றார். வணிக மடலை அவ்வாண்டுதான் பாடத்தில் படித்திருந்தேன். எண், நாள், பொருள், பார்வை எல்லாம் இட்டு எழுதினேன். சொற்கள் அவருடையவை. "நான் எழுதியது தெளிவில்லாமல் இருந்தது. அதனால் தங்களுக்கும் இழப்பு நேர்ந்தது. அச்சரக்கின் விலையில் பாதிக்கு வரைவோலை இணைத்துள்ளேன். மீதியை இரண்டு தவணைகளில் தருவேன்" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்தபின் வாங்கிப் படித்துப் பார்த்து, கையொப்பமிட்டு, நகலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஒரு வாரத்தில் விடை வந்தது. தாமும் அனுப்புமுன் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருந்தார். "மீதித் தொகைக்கு இப்போது விரைவில்லை. வரும் பெருநாளுக்கு எந்த வகை, எத்தனை, எந்த நாளுக்குள் என்று விவரமாக எழுதுங்கள்" என்று முடித்திருந்தார். மாமா அதை இருமுறை படித்தார். பின்னர்ப் புதிய தாள் ஒன்றை என்னிடம் நீட்டி, "முதலில் தேதி போடு" என்றார்.